முதியோரின் திடீர் மனக்குழப்பம்: சிந்தனைக்கு உடலும் உறவும் தரும் துணை

இடுப்பெலும்பு முறிந்த முதியவர் ஒருவருக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்திருக்கும். மறுநாள் கஞ்சி அருந்துவார், பேரப்பிள்ளைகளை விசாரிப்பார். அதற்கடுத்த நாள் மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில், “வண்டியைப் பூட்டச் சொல், ஊருக்குப் போகவேண்டும்” என்பார். எப்போதோ மறைந்துபோன தம் தாயார் சுவரோரம் நிற்பதாகக் கூறுவார். கையில் ஏறிக்கொண்டிருக்கும் டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்க முயல்வார். பெற்ற மகளைப் பார்த்து “நீ யாரம்மா?” என்று கேட்பார். விடிந்து மருத்துவர் வரும்போதோ, கைகூப்பி வணக்கம் சொல்லி, இரவு ஒன்றும் நடவாததுபோல் தெளிவாகப் பேசுவார். இரவெல்லாம் விழித்திருந்த மகள் சொல்வதை நம்பக்கூட ஆளிருக்காது.

இவ்வாறு நேரும்போது குடும்பத்தினர் பலவாறு எண்ணுகின்றனர். புத்தி பேதலித்துவிட்டது என்பார் ஒருவர். இறந்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் இனி நாள் எண்ணவேண்டியதுதான் என்று மூத்த பெண்மணி ஒருவர் கண்ணீர் விடுவார். மயக்க மருந்தை அதிகம் கொடுத்துவிட்டார்கள் என்று மற்றொருவர் சினப்பார். பெரும்பாலான வேளைகளில் இம்மூன்றுமே உண்மையன்று. மருத்துவர்கள் இதனை டெலிரியம் என்பர். இக்கட்டுரையில் திடீர் மனக்குழப்பம் என்றே குறிப்போம்.

மறதிநோய் எனப்படும் டிமென்ஷியாவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் அறிந்துகொள்வது நன்று. மறதிநோய் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் மெல்லப் படர்வது. திடீர் மனக்குழப்பமோ சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தோன்றுவது. ஒரே நாளுக்குள் கூடியும் குறைந்தும் வருவது. மாலையிலும் இரவிலும் பெரும்பாலும் மிகுவது. இதில் முதலில் சிதைவது கவனம். ஒரு கேள்வியைக் கேட்டு விடை சொல்லி முடிப்பதற்குள் அவருடைய மனம் வேறெங்கோ சென்றுவிடும். மறதிநோய் உள்ளவருக்கு இது எளிதில் வரும். ஆயினும், நேற்றுவரை குடும்பக் கணக்கு முழுவதையும் தாமே பார்த்துவந்தவருக்கும் வரக்கூடும்.

இது தோன்றினால் உடனே செவிலியரிடமோ மருத்துவரிடமோ தெரிவிக்கவேண்டும். “வயதானால் அப்படித்தான்” என்று விட்டுவிடலாகாது. நோய்த்தொற்று, உடலில் நீர் குறைதல், இரத்தத்தில் சோடியமோ சர்க்கரையோ குறைதல், ஆக்சிஜன் குறைதல், சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், தணியாத வலி, தூக்க மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும் சில பழைய வகை மாத்திரைகள் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ பின்னணியில் இருக்கக்கூடும். நாள்தோறும் மது அருந்தியவர் மருத்துவமனைக்கு வந்ததும் அது திடீரென நின்றுபோவதாலும் கடுமையான குழப்பம் வரும். மானத்துக்கு அஞ்சிப் பலர் இதை மறைத்துவிடுகின்றனர். மருத்துவரிடம் மறைக்கக்கூடாத செய்திகளில் இது முதன்மையானது.

ஆனால் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. முறிந்தது இடுப்பெலும்பு, தொற்று ஏற்பட்டது சிறுநீர்ப்பையில். சிந்தனை ஏன் குலையவேண்டும்?

சிந்தனை என்பது மண்டையோட்டுக்குள், மூடிய அறைக்குள் அமர்ந்து வேலை பார்க்கும் ஓர் அதிகாரியைப் போன்றது என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். உடல் அவருக்குச் செய்தி கொண்டுவரும் சேவகன். சுற்றியுள்ளோர் வெறும் பார்வையாளர்கள். இந்தச் சித்திரம் சரியானதாக இருந்தால், கண்ணாடியைக் கழற்றி வைப்பதாலோ பேச ஆளில்லாமல் போவதாலோ சிந்திக்கும் ஆற்றலுக்குக் கேடு எதுவும் வரக்கூடாது. வருகிறது என்பதே கடந்த எழுபது ஆண்டு ஆய்வுகள் காட்டும் செய்தி.

1951 முதல் 1954 வரை, கனடாவின் மான்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில், டொனால்ட் ஹெப் என்னும் உளவியலாளரின் வழிகாட்டலில் ஒரு சோதனை நடந்தது. நல்ல உடல்நலமுள்ள கல்லூரி மாணவர்கள் அதில் பங்கேற்றனர். அவர்கள் செய்யவேண்டியது ஒன்றுமில்லை, சும்மா படுத்திருக்கவேண்டும். அதற்கு நாளொன்றுக்கு 20 டாலர் கூலி. அக்காலத்தில் அது தாராளமான தொகை. வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாத கண்மறைப்பு, கைகளில் உறையும் அட்டைக் குழலும், காதோரம் பஞ்சணை, இடைவிடாத மெல்லிய இயந்திர இரைச்சல். உண்ணவும் கழிப்பறை செல்லவும் மட்டும் எழலாம். பெரும்பாலோர் இரண்டு மூன்று நாளைக்குமேல் தாங்கவில்லை. முதலில் உறங்கினர், பிறகு எதைப்பற்றியும் தொடர்ச்சியாகச் சிந்திக்க இயலவில்லை என்றனர், பலருக்கு இல்லாத உருவங்கள் கண்முன் தோன்றின. அவர்கள் இளைஞர்கள், நோயற்றவர்கள், அறிவுக்கூர்மை உடையவர்கள். மாறியது அவர்களுடைய மூளையன்று. மூளைக்குக் கண்ணும் காதும் கையும் நாள் முழுவதும் தந்துகொண்டிருந்த துணை நின்றுபோனது, அவ்வளவே.

இப்போது மருத்துவமனைப் படுக்கையை எண்ணிப் பாருங்கள். உள்ளே வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிடுகிறோம். காதுக்கருவி தொலைந்துவிடும் என்று வீட்டுக்கே அனுப்பிவிடுகிறோம். பல்செட் ஒரு டப்பாவுக்குள் போய்விடுகிறது. அத்துடன் அவருடைய பேச்சின் தெளிவும் போய்விடுகிறது. கண்ணுக்கு எதிரே வெள்ளைக் கூரை. இரவும் பகலும் ஒரே விளக்கு. ஒரு கையில் ஊசி, கீழே சிறுநீர்க்குழாய், எழுந்து நடக்கத் தடை. வீட்டிலே அவரைக் காலையில் எழுப்பியது பால்காரர் மணி. நேரம் காட்டியது கோயில் மணியோ பள்ளிவாசல் பாங்கோ. கிழமை சொன்னது வாசலில் வரும் காய்கறி வண்டி. இவை எவையும் இங்கே இல்லை. இன்று என்ன கிழமை என்பதை அவர் என்றுமே தம் தலைக்குள் தனியாகச் சுமந்துகொண்டிருக்கவில்லை. வீடும் தெருவும் அவருக்காக அதைச் சுமந்துகொண்டிருந்தன. நோய் ஒருபக்கம் மூளையைத் தளர்த்த, மறுபக்கம் நாம் அறியாமலே தூண்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறோம்.

சன்னல் ஒன்றே எவ்வளவு பெரிய தூண் என்பதற்கு 1972இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சான்று. சன்னலுள்ள தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தோரைவிட, சன்னலற்ற பிரிவில் இருந்தோருக்கு அறுவை சிகிச்சைக்குப் பின் மனக்குழப்பம் இருமடங்குக்கும் மேலாகக் காணப்பட்டது.

காதைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் இதில்தான் நாம் அதிகம் தவறுகிறோம். செவிப்புலன் குறைந்தவர் பேச்சின் பாதியைக் கேட்டு மீதியை ஊகித்து நிரப்புகிறார். அந்த ஊகமே ஒரு கடும் உழைப்பு. வீட்டில் பழகிய குரல்கள், பழகிய செய்திகள். ஆகவே ஊகம் பலிக்கிறது. வார்டில் முகக்கவசம் அணிந்த புதிய மனிதர்கள், புதிய சொற்கள், பக்கத்துப் படுக்கையின் இரைச்சல். உதட்டசைவும் தெரியாது. ஊகம் பிழைக்கிறது. “ஊசி போடவேண்டும்” என்பது வேறொன்றாகக் கேட்கிறது. யாரோ தமக்குத் தீங்கு செய்ய வருவதாகத் தோன்றுகிறது. வெளியிலிருந்து பார்ப்போருக்கு அது பிரமை. அவரைப் பொறுத்தவரை, கிடைத்த துண்டுகளைக் கொண்டு நேர்மையாகச் செய்த ஒரு முடிவு. காதில் அடைத்திருக்கும் குறும்பியை எடுத்துவிடுவதாலேயே பேச்சு விளங்கத் தொடங்கும் முதியோர் உண்டு. இதைக் கேலியாக எண்ணவேண்டாம்.

கைகளும் சிந்தனையோடு பிணைந்தவை. பிறவியிலேயே பார்வையற்ற பிள்ளைகளும் பேசும்போது கையசைக்கிறார்கள். எதிரே இருப்பவரும் பார்வையற்றவரே என்று அறிந்திருந்தபோதும் அசைக்கிறார்கள் என்று 1998இல் வெளியான ஓர் ஆய்வு பதிவுசெய்தது. அப்படியானால் கையசைவு பிறர் பார்ப்பதற்காக மட்டும் அன்று. விரற்கணுக்களைத் தொட்டுத் தொட்டுக் கணக்குப் போடும் நம் பாட்டிமாருக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஊசியைப் பிடுங்கிவிடுவார் என்றஞ்சிக் கைகளைக் கட்டிலோடு கட்டும்படி உறவினர்களே சிலவேளை வேண்டுவதுண்டு. உயிர்காக்கும் குழாய்களைக் காக்க வேறு வழியின்றிச் சிறிது நேரம் அவ்வாறு செய்ய நேரலாம். அதை மருத்துவரே முடிவு செய்வார். ஆனால் கட்டுவது குழப்பத்தைத் தணிக்கும் என்று நினைக்கவேண்டாம். மருத்துவமனையில் குழப்பத்தைத் தூண்டிவிடும் காரணிகளை 1996இல் ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் ஷாரன் இனோயே, உடலைக் கட்டிவைத்தலையும் சிறுநீர்க்குழாயையும் அக்காரணிகளுள் சேர்த்தார். அருகே ஒருவர் அமர்ந்து, கட்டவேண்டிய அந்தக் கையைத் தம் கையில் பிடித்துக்கொண்டிருப்பது பல வேளைகளில் போதுமானதாகிறது. பிடித்துக்கொள்ள ஒரு துண்டோ செபமாலையோ தந்தாலும் விரல்கள் ஊசியை நாடுவது குறையும்.

இனி மனிதர்களிடம் வருவோம். சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி (1896–1934), குழந்தையின் சிந்தனை முதலில் இருவருக்கிடையே நிகழ்கிறது, பிறகே ஒருவருக்குள் குடியேறுகிறது என்றார். தாய் “முதலில் சட்டை, அப்புறம் செருப்பு” என்று சொல்லிச் செய்யவைக்கிறாள். சிறிது காலத்தில் குழந்தை அதையே தனக்குத்தானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு செய்கிறது. பின்னர் அந்தப் பேச்சு ஒலியிழந்து உள்ளே சென்று எண்ணமாகிறது. நாம் தனியாக யோசிப்பதாக நினைக்கும் வேளையிலும், யாரிடமோ கற்ற உரையாடல் ஒன்றையே உள்ளுக்குள் நடத்திக்கொண்டிருக்கிறோம். கடும் நோயில் அந்த உள்ளுரையாடல் தளரும்போது, வெளியிலிருந்து ஒரு குரல் அதைச் சிறிதுகாலம் ஏற்று நடத்தவேண்டியிருக்கிறது என்று நான் விளங்கிக்கொள்கிறேன். இது ஆய்வு முடிவன்று. ஆனால் ஆய்வுகள் காட்டுவதோடு நன்றாகவே பொருந்துகிறது.

அந்த ஆய்வுகளுள் முதலில் சொல்லவேண்டியது 1999இல் வெளியானது. மேற்சொன்ன இனோயேயும் அவருடைய குழுவினரும், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகர மருத்துவமனையில், 70 வயதும் அதற்கு மேற்பட்டும் உள்ள 852 நோயாளிகளை இருபிரிவாகக் கொண்டு ஆராய்ந்தனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவினருக்கு அதனோடு சில எளிய செயல்கள் சேர்க்கப்பட்டன. கண்ணாடியும் காதுக்கருவியும் அணியச் செய்தல், நாளில் மூன்று முறை நடக்கவோ கை கால்களை அசைக்கவோ வைத்தல், மறவாமல் நீர் தருதல், கவனிப்போர் பெயரையும் அன்றைய நிகழ்ச்சிகளையும் பலகையில் எழுதிவைத்தல், நாட்டு நடப்பையும் பழைய நினைவுகளையும் பேசுதல், இரவில் தூக்க மாத்திரைக்கு மாற்றாகச் சூடான பால், மெல்லிசை, முதுகு நீவுதல். இவற்றுட் பலவற்றைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள். வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 15.0 விழுக்காட்டினருக்கு மனக்குழப்பம் வந்தது; இச்செயல்களும் சேர்ந்த பிரிவில் 9.9 விழுக்காட்டினருக்கே வந்தது.

அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தியும் உண்டு. குழப்பம் வந்துவிட்ட பிறகு, அதன் கடுமை இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அதாவது இவை வருமுன் காக்கும் முறைகள். குழப்பம் தோன்றியபின் கண்ணாடியைத் தேடிப் பையைத் துழாவுவதைவிட, சேர்த்த முதல் நாளே அதை மூக்கின்மேல் வைத்துவிடுவதில்தான் பயன் மிகுதி.

நம் நாட்டு மருத்துவமனைகளில் அத்தகைய தொண்டர்கள் அரிது. ஆனால் நமக்கு வேறொன்று உண்டு: நோயாளியுடன் இரவும் பகலும் தங்கும் உறவினர். சீனத்திலும் இவ்வழக்கம் உண்டு. அந்நாட்டின் செங்டு நகரிலுள்ள மேற்குச் சீன மருத்துவமனை, இனோயேயின் முறையைக் குடும்பத்தினரைக் கொண்டே நடத்திப் பார்த்தது. அறுவை சிகிச்சைக்கு வந்த 70 வயதுக்கு மேற்பட்ட 281 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். 2020இல் வெளியான முடிவின்படி, வழக்கமான கவனிப்புப் பெற்றோரில் 19.4 விழுக்காட்டினருக்குக் குழப்பம் ஏற்பட, குடும்பத்தினரும் பங்கேற்ற பிரிவில் 2.6 விழுக்காட்டினருக்கே ஏற்பட்டது. இரு நாட்டு எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது முறையன்று. நோயாளிகளும் சூழலும் வேறு. எனினும், கட்டிலருகே ஸ்டூலில் அமர்ந்திருக்கும் அந்த மகனோ மருமகளோ வெறும் காவலாள் அல்லர், சிகிச்சையின் ஒரு பகுதி என்று சொல்வதற்கு இது போதும்.

அப்படியானால் உடனிருப்போர் செய்யக்கூடியது என்ன? கண்ணாடி, காதுக்கருவி, பல்செட் மூன்றையும் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள். கருவியின் பேட்டரியையும் மறவாதீர்கள். அவர் பார்வை படும் இடத்தில் கடிகாரமும், பெரிய எழுத்தில் கிழமை காட்டும் நாட்காட்டியும் மாட்டுங்கள். காலையில் திரையை விலக்கி வெளிச்சம் வரச் செய்யுங்கள். முகத்துக்கு நேரே வந்து, யார் என்று சொல்லிப் பேசுங்கள்: “அப்பா, நான் உங்கள் இரண்டாவது மகள். இன்று வியாழக்கிழமை. நாம் மருத்துவமனையில் இருக்கிறோம். காலில் ஆபரேஷன் முடிந்தது. சாயங்காலம் அம்மா வருவார்கள்.” இதையே நாளில் பலமுறை சொல்லவேண்டியிருக்கும், சலிப்புக் காட்டலாகாது. ஆனால் இதையே தேர்வாக்கிவிடாதீர்கள். “நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்” என்று வருகிற உறவினரெல்லாம் கேட்டு, விடை தவறும்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைப்போல் நோயாளியை வாட்டுவது வேறொன்றுமில்லை.

மருத்துவர் வரும்போது இன்னொன்று நிகழ்கிறது. கேள்வி நோயாளியிடம் கேட்கப்படும்; விடை மகனிடமிருந்து வரும். “அவருக்குச் சரியாகக் கேட்காது சார், நீங்கள் என்னிடம் சொல்லுங்கள்.” அன்பால் செய்வதுதான். ஆனால் நாளெல்லாம் இப்படியே நடந்தால், அவர் விடை சொல்லவேண்டிய தேவையே இல்லாத இடமாக வார்டு மாறிவிடுகிறது. அவர் சொல்லட்டும்; தாமதமாகச் சொல்லட்டும்; தப்பினால் பிறகு திருத்தலாம். கட்டிலின்மீது அவரைப்பற்றி அவரில்லாததுபோல் பேசுவதையும் தவிர்க்கவேண்டும். நிலத்தகராறையும் மருத்துவச் செலவையும் அங்கே பேசினால், பாதி காதில் விழுந்து, இரவில் அச்சமாகத் திரும்பிவரும்.

இறந்த தாயார் நிற்கிறார் என்றால், இல்லை என்று வாதிடவும் வேண்டாம், ஆமாம் என்று ஒத்தூதவும் வேண்டாம். “எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குப் பயமாக இருக்கிறதா? நான் பக்கத்திலேயே இருக்கிறேன்” என்பது போதும். பிறகு அம்மாவைப்பற்றியே பேசச் சொல்லலாம். அவர் வைத்த குழம்பு, அவர் ஊர், அவர் குரல். பேச்சு மெல்ல நிகழ்காலத்துக்கு வர இது நல்ல வழி.

உணவைப் படுத்தவாறு ஊட்டாமல், அனுமதி இருந்தால் எழுந்து உட்காரவைத்துத் தருக. இயன்முறை மருத்துவர் நடக்கலாம் என்று சொன்ன நாளிலிருந்து கைத்தாங்கலாக நடக்கவைக்க வேண்டும். பாவம், களைப்பாக இருக்கிறார் என்று நாமே அதைத் தள்ளிப்போடுவதுண்டு. சிறுநீர்க்குழாய் இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் நாள்தோறும் கேட்பதில் தவறில்லை. கேட்டதால் மருத்துவர் யாரும் வருந்தமாட்டார். இரவில் விளக்கையும் கைப்பேசியையும் தணித்து உறங்கவிடுங்கள். வீட்டிலிருக்கும் பழைய தூக்க மாத்திரையை நீங்களாகத் தராதீர்கள். குழப்பத்தை அதுவே பெருக்கிவிடும். துணை நல்லது என்பதற்காகப் பத்துப்பேர் சூழ்ந்து நிற்பதும் ஆகாது. பழகிய முகம் ஒன்றோ இரண்டோ, முறைவைத்து மாறினால் போதும். உடனிருப்பவரும் மனிதர்தான், மூன்று இரவு தொடர்ந்து விழித்தவரால் பொறுமையாகப் பேசமுடியாது.

கத்துவோரையும் எழுந்தோடுவோரையும் எல்லாரும் கவனிப்பர். சத்தமில்லாமல் படுத்திருக்கும் குழப்பம் ஒன்றும் உண்டு. கேட்டால் ஒரு சொல்லில் விடை. மற்ற நேரமெல்லாம் கண்மூடிக் கிடப்பார். “பெரியவர் தொந்தரவே தருவதில்லை, நன்றாகத் தூங்குகிறார்” என்று நாம் மகிழ்ந்திருப்போம். முதியோரில் இவ்வகையே மிகுதி. கண்டுபிடிக்கப்படாமல் போவதும் இதுவே. இதைக் கண்டறியும் ஆற்றல், அவரை நேற்றும் அதற்கு முன்பும் அறிந்தவர்களுக்கே உண்டு. செவிலியர் அவரை முதன்முறையாக இங்கேதான் பார்க்கிறார். “இவர் இப்படி இருப்பவர் அல்லர்” என்று உங்களுக்குத் தோன்றினால், அந்த ஒரு வாக்கியத்தை உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

பெரும்பாலோருக்குக் குழப்பம் சில நாட்களில் தெளிகிறது. சிலருக்கு வாரங்கள் ஆகும். சிலர் முன்னிருந்த நிலைக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. தெளிந்தபின் பலருக்கு அந்நாட்கள் துண்டுதுண்டாக நினைவிருக்கும். மருமகளைத் திட்டியதும், ஆடையின்றி எழுந்து நின்றதும் நினைவுக்கு வந்து வெட்கம் தின்னும், வெளியே சொல்லமாட்டார். வீட்டில் அதைக் கதையாக்கிச் சிரிக்கவேண்டாம். அது உடல்நோயின் ஒரு விளைவு, உங்களுக்குப் பைத்தியம் இல்லை என்று ஒருமுறை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஒருமுறை குழப்பம் வந்தவருக்கு மறுமுறையும் வரும் வாய்ப்பு மிகுதி. ஆகவே வீட்டுக்கு அனுப்பும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் அது குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் எழுதித்தரும்படி கேளுங்கள். கண்புரை சிகிச்சையோ பல் பிடுங்குவதோ, அடுத்து எதற்காக எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும், சேர்க்கும் மேசையிலேயே அத்தாளைக் காட்டுங்கள்.